உஷார்! பால்பல்லுக்கு ரூட் கெனால்: தலையாட்டும் முன்

பிள்ளையின் கன்னம் இந்த நிமிஷம் வீங்கியிருக்கிறதா? வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்குகிறதா, கண் இடுங்குகிறதா, வாயைத் திறக்க முடியவில்லையா, எச்சில் விழுங்கத் திணறுகிறதா, கூடவே காய்ச்சலா? அப்படியானால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவில் ஒரு எட்டு, அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இன்னொரு எட்டு. மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள். ராத்திரி பத்து மணியானாலும் சரி, 'காலையில் பார்த்துக்கலாம்' என்ற பேச்சே வேண்டாம். பல்லிலிருந்து இறங்கும் சீழ் தொண்டையை அடைப்பதற்கு ஒரு ராத்திரி போதும்.

வீக்கமில்லை, வலி மட்டும்தான் என்றால் உட்காருங்கள். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

நாலு வயசுப் பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் பல்வலி. மறுநாள் வீட்டில் இரண்டு கட்சி. "விழப்போற பல்லுதானே மக்கா, போட்டும்" என்பார் பாட்டா. நாகர்கோவிலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அப்பா முகம் வெளுத்து நிற்பார்: "எட்டுப் பல்லு போயிட்டாம். எல்லாத்துக்கும் ரூட் கெனாலாம். மயக்கம் கொடுத்து ஒரே நாள்ல முடிச்சிரலாமாம்." இரண்டு பேச்சிலும் ஆபத்து உண்டு. ஆனால் முதல் பேச்சுதான் இரண்டாவதைப் பெற்றுப்போடுகிறது. ஒன்றரை வயதில் மேல் முன்பல்லின் ஈறோரம் சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு கோடு விழும், யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டு வயதில் அது பழுப்பாகும். மூன்றில் கடவாய்ப் பற்களில் குழி. நாலில் எட்டுப் பல். எட்டுப் பல் என்றால் பிள்ளை நாற்காலியில் அடங்காது, அடங்காததால் மயக்கம். மயக்கத்தில்தான் சில பிள்ளைகள் திரும்பி வரவில்லை.

மயக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் 'போட்டும்' கட்சியோடு கணக்குத் தீர்க்க வேண்டும்.

பால்பல் மொத்தம் 20. ஆறாம் மாதவாக்கில் கீழ் முன்பல் எட்டிப் பார்க்கும், மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். கீழ் முன்பல் ஆறு, ஏழு வயதில் விழுந்துவிடும், சரி. பின்னால் இருக்கும் கடவாய்ப் பால்பல் விழுவது பத்து, பன்னிரண்டு வயதில். நாலு வயசுப் பிள்ளை இன்னும் ஆறேழு வருஷம் அதில்தான் சோறு மெல்ல வேண்டும். இந்தப் பல்லின் எனாமல் பெரியவர்கள் பல்லைவிட மெலிசு, உள்ளே நரம்பும் ரத்தமும் இருக்கும் இடமோ பெரிசு. அதனால் சொத்தை விறுவிறுவென்று உள்ளே இறங்கிவிடும். மேலே கடுகளவு கறுப்புதான் தெரியும், எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே கூடாகிக் கிடக்கும்.

அதன் கீழே, வேர்களுக்கு நடுவில், எலும்புக்குள் நிரந்தரப் பல்லின் மொட்டு இருக்கிறது. மேலே இருக்கும் பால்பல்லின் சீழ் அங்கே தேங்கினால் முளைத்து வரும் புதுப்பல் திட்டுத் திட்டாக, குழி விழுந்து வரலாம். டர்னர் பல் என்று இதற்குப் பெயர். அந்தக் கறை ஆயுசுக்கும் இருக்கும். சரி, பிடுங்கிவிடலாமே என்றால், கடவாய்ப் பால்பல்லைக் காலத்துக்கு முன் பிடுங்கினால் பின்பல் முன்னே சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வரும் பல்லுக்கு இடமிருக்காது. பன்னிரண்டு வயதில் கம்பி கட்ட அலையும் பிள்ளைகள் சிலரின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பிடுங்கியே தீர வேண்டும் என்றால் இடத்தைக் காக்கும் சிறு கம்பி வளையம் ஒன்று வைப்பார்கள். அதைப் பற்றிப் பேசாமல் பிடுங்க மட்டும் செய்கிறவரிடம் அதைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிக் கடவாய்ப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு புதுப்பல் முளைக்கும். எதுவும் விழாததால் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறோம். அது நிரந்தரப் பல். அது சொத்தையாகி அதையும் 'விழப்போற பல்லு' கணக்கில் விட்டால், பிறகு வேறு பல் வராது. உங்கள் வீட்டில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இன்று ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள்.

நம்மூர்த் தீனியைப் பற்றி நீதி சொல்லப் போவதில்லை. சுசீந்திரம் மார்கழித் தேருக்கு ரத வீதியில் கடை போட்டிருக்கும்போது மிட்டாய் வேண்டாம் என்று எந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியும்? வருஷத்துக்குச் சில நாள் தின்னும் மிட்டாயோ, முந்திரிக்கொத்தோ பல்லைத் தின்பதில்லை. தின்பது தினமும் நடப்பது. சீனி போட்ட பால்புட்டி வாயில் இருக்கத் தூங்குவது. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பு குறைந்துவிடும், இனிப்பு விடிய விடியப் பல்லில் தங்கும். அழுகையை நிறுத்தச் சூப்பும் ரப்பரில் தேன் தொட்டுக் கொடுப்பது. மணிக்கொருதரம் பிஸ்கட். மாதக்கணக்கில் ராத்திரி வேளையில் ஊற்றும் இனிப்பு சிரப். மட்டிப்பழத்தை, 2023-இல் புவிசார் குறியீடே வாங்கிய நம் பழத்தை, பிசைந்து ஊட்டுவதில் குற்றமில்லை. ஊட்டியபின் ஈரத்துணியால் ஒரு துடை துடைக்கலாம். முதல் பல் வந்த அன்றே ஃபுளோரைடு பேஸ்ட், மூன்று வயதுவரை அரிசி அளவு, அதற்குமேல் பட்டாணி அளவு. உறையைத் திருப்பிப் பாருங்கள்: 1000 பிபிஎம் வேண்டும். கார்ட்டூன் படம் போட்ட பேஸ்ட் சிலவற்றில் அதில் பாதிதான் இருக்கும், சிலவற்றில் ஒன்றுமே இருக்காது.

இனி வலி வந்த வீட்டில் நடப்பது. இதில் நாலைந்து தப்பு எல்லா வீட்டிலும் ஒன்றுபோல நடக்கிறது. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்துப் பிள்ளையின் வாயில் வைப்பார்கள். பெரியவர்கள் துப்பிவிடுவார்கள், சின்னப் பிள்ளை விழுங்கும். ஓரிரு டீஸ்பூன் உள்ளே போனாலே ஈரல் பாதிக்கப்பட்டு, வலிப்பு வந்து, நினைவிழந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவு உண்டு. புகையிலைத் துண்டை வைப்பது அதைவிட மோசம். பல்லுப் புழு எடுக்கிறேன் என்று கண்டங்கத்திரி விதையைப் புகைத்து வாய்க்குள் விடுகிறவர்களிடம் பிள்ளையைக் காட்டாதீர்கள். சொத்தைப் பல்லில் புழு கிடையாது. விழுந்ததாகக் காட்டுவது விதையின் துணுக்கு.

அடுத்தது மெடிக்கல் ஷாப். "பிள்ளைக்குப் பல்லுவலி, ஏதாவது தாங்க" என்று கேட்டு வாங்குவதில்தான் எனக்கு அதிகப் பயம். நிமிசுலைடு மருந்தை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்க இந்தியாவில் 2011-இலேயே தடை வந்துவிட்டது. வீட்டு டப்பாவில் பெரியவர்கள் மாத்திரையாக அது இன்னும் கிடக்கிறது. பாதி உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பிரினும் கூடாது. பாராசிட்டமால் எடைக்குத் தக்க அளவில் கொடுத்து ராத்திரியைக் கடத்தலாம், அவ்வளவுதான். பல் முளைக்கும்போது ஈறில் தடவும் பென்சோகெயின் ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-இல் எச்சரித்தது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியையே அது கெடுத்துவிடக்கூடும். ஆன்டிபயாட்டிக் சிரப் வீக்கத்தை வடிக்கும், வலியும் போய்விடும். போன வலியைக் கண்டு ஏமாறாதீர்கள். நரம்பு செத்தாலும் வலி நின்றுவிடும். பிறகு ஈறில் பருப்போல ஒரு சீழ்க்கொப்புளம் வந்து வந்து போகும். பிள்ளை அழாது, விளையாடும். சீழோ மொட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் 2007 பிப்ரவரியில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், பல்லின் சீழ் மூளைக்கு ஏறி இறந்தான். எண்பது டாலரில் பிடுங்கியிருக்கக்கூடிய பல். மூளை அறுவைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆனது இரண்டரை லட்சம் டாலர். அந்நாட்டில் ஏழைப் பிள்ளைகளின் பல் மருத்துவச் சட்டத்தையே அந்தச் சாவு அசைத்தது. 'போட்டும்' என்பவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

இனி ரூட் கெனால்.

டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னதும் முதலில் கேட்க வேண்டியது: "எக்ஸ்ரேயில காட்டுங்க." எக்ஸ்ரே இல்லாமல் பால்பல்லுக்கு ரூட் கெனால் முடிவு செய்பவரிடம் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். படத்தில் பார்க்க வேண்டியது இரண்டு. சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டதா. வேர் இன்னும் முழுசாக இருக்கிறதா. பால்பல்லின் வேர் விழும் காலம் நெருங்கும்போது தானே கரைந்துகொண்டு வரும். பெரும்பகுதி கரைந்துவிட்ட பல்லுக்கு ரூட் கெனால் வீண், எடுத்துவிடுவதே முறை. நரம்பைத் தொடாத சொத்தைக்கு அடைத்தால் போதும். அல்லது பல்லைக் குடையாமலே எஃகுத் தொப்பியை மேலே அழுத்தி மூடிவிடும் முறை ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் செய்துவந்த முறை, ஊசிகூடத் தேவையில்லை. சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற சொட்டு மருந்தைத் தொட்டு வைத்தால் ஆரம்பச் சொத்தை பெரும்பாலும் நின்றுவிடும். அந்த இடம் கன்னங்கரேலென்று ஆகும், அழகு பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நரம்பைத் தொட்டுவிட்டது, ஆனால் தின்னும்போது மட்டும்தான் வலி, ராத்திரி தானாக வலிப்பதில்லை, சீழில்லை என்றால் பெரும்பாலும் மேல்பகுதி நரம்பை மட்டும் எடுத்து மருந்து வைத்தால் போதும், வேருக்குள் போகத் தேவையில்லை. இதையும் பல இடங்களில் பொதுவாக ரூட் கெனால் என்றே சொல்லிவிடுகிறார்கள். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஈறில் கொப்புளம், ஆனால் வேர் நன்றாக இருக்கிறது: இதற்குத்தான் முழு ரூட் கெனால். அப்போது அடுத்த கேள்வி: "உள்ளே என்ன வச்சு அடைப்பீங்க? அது கரையுமா?" பெரியவர்களுக்கு வைக்கும் கட்டா பெர்ச்சா கரையாது. கீழே புதுப்பல் காத்திருக்கும் பால்பல்லில் அதை வைத்தால் வேர் கரையும்போது அது மட்டும் நிற்கும். வேரோடு கரையும் பசைதான் வைக்க வேண்டும்: ஜிங்க் ஆக்ஸைடும் யூஜினாலும் கலந்தது, அல்லது கால்சியம் ஹைட்ராக்ஸைடும் அயோடோஃபார்மும் கலந்தது. அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒரே நாளில் எட்டுப் பல் என்ற பேச்சுக்கு வருகிறேன்.

2023 நவம்பரில் கேரளத்தில், திருச்சூர் மாவட்டம் குன்னங்குளத்தில், ஒரு தனியார் மருத்துவமனையில் பல்லுக்கு ரூட் கெனால் செய்யக் கொண்டுபோன மூன்றரை வயதுச் சிறுவன் இறந்தான். மயக்க மருந்தில் கவனக்குறைவு என்று உறவினர்கள் புகார் செய்தார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பு, 2013 டிசம்பரில், அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்துக் கைலுவாவில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. சொத்தை அடைப்போடு பால்பல்லில் நாலு ரூட் கெனாலும் ஒரே நாளில் செய்யத் திட்டம். பல மயக்க மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். 26 நிமிஷம் அவளை யாரும் கண்காணிக்கவில்லை என்றும், இதயம் நின்றபோது டாக்டர் வராந்தாவில் ஓடிப்போய் அதே கட்டடத்திலிருந்த குழந்தை மருத்துவரைக் கூப்பிட்டு வந்தார் என்றும் பெற்றோர் தொடுத்த வழக்கு சொன்னது. 2014 ஜனவரி 3 அன்று அவள் இறந்தாள். அந்த ரூட் கெனால்களே தேவைப்பட்டிருக்கவில்லை என்பது தாயின் வாதம்.

எல்லா மயக்கமும் கொல்லும் என்பதல்ல. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் நல்லபடி செய்துகொண்டு வீடு திரும்புகிறார்கள். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பல்லில் குனிந்திருக்கும் டாக்டரே மூச்சையும் கவனிக்க முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் குழந்தைப் பல் மருத்துவக் கழகமும் 2019-இல் சேர்ந்து வெளியிட்ட நெறியில், ஆழ்ந்த மயக்கம் என்றால் பல் டாக்டரைத் தவிர மயக்கத்தை மட்டும் பார்க்கத் தனியாக ஒரு பயிற்சி பெற்ற மருத்துவ நிபுணர் கூடவே இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே, "மயக்க டாக்டர் யாரு? முடியுற வரைக்கும் கூட நிப்பாரா? ஆக்சிஜன் இருக்கா, விரல்ல மாட்டுற கருவி இருக்கா?" என்று கேளுங்கள். பதில் தயங்கினால் எழுந்து வாருங்கள். நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். கோபப்படுகிறவரைப் பற்றி உங்களுக்கே தெரிந்துவிடும். இது போக, மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு நீண்ட நேர அல்லது திரும்பத் திரும்பப் பொது மயக்கம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையும் 2016 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அந்த வயதில் தள்ளிப்போட முடிவதைத் தள்ளிப்போடுவது கோழைத்தனமில்லை.

மரத்துப்போகும் ஊசிக்கும் கணக்குண்டு. லிக்னோகெயின் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் தாண்டக் கூடாது. 15 கிலோ பிள்ளைக்கு அது 66 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் 3.3 மில்லிதான். வாயின் நாலு பக்கமும் ஒரே நாளில் மரக்கடித்தால் இந்தக் கணக்கை எளிதில் மீறிவிடலாம். எடை பார்க்காமல் ஊசி ஏற்றினால் தடுத்துக் கேளுங்கள். அடங்கி உட்காரும் பிள்ளை என்றால் வாரம் ஒரு பக்கம் என்று நாலு தடவை போவதே நல்லது, பஸ் செலவைப் பார்க்காதீர்கள்.

மயக்கம் உறுதியாகிவிட்டால் வீட்டுப் பெரியவர்களைத்தான் அடக்கி வைக்க வேண்டும். தாய்ப்பால் நாலு மணி நேரம் முன்பே நிற்க வேண்டும், மாட்டுப்பாலும் இட்லியும் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம். 'பிள்ளைக்குப் பசிக்குமே' என்று ஆத்தா விடியற்காலையில் ரகசியமாக ஒரு டம்ளர் பால் கொடுத்து, அதை யாரும் டாக்டரிடம் சொல்லாமல் விட்டால், அந்தப் பால் வாந்தியாகி நுரையீரலுக்குள் இறங்கலாம். கொடுத்துவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், தேதியை மாற்றிக்கொள்வார்கள். சளி, இருமல், ராத்திரிக் குறட்டை, பிறவி இதயக் கோளாறு, முந்திய மயக்கத்தில் ஏற்பட்ட சிக்கல், எதையும் மறைக்காதீர்கள்.

தண்ணீரைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. நம் மாநிலத்திலேயே, திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில், ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்த 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா நோய் வந்தது. 8 பேர் இறந்தார்கள். 2023-இல் நடந்தது, ஆய்வு 2025-இல் வெளிவந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. வாய் கழுவும் சலைன் பாட்டிலைச் சுத்திகரிக்காத கருவியால் திறந்து, மிச்சத்தை ஒப்புக்கு மூடி வைத்து, அடுத்தடுத்த ஆளுக்கும் அதையே ஊற்றியிருக்கிறார்கள். பிள்ளைகள் கதை கலிஃபோர்னியாவின் அனஹைமில்: 2016-இல் ஒரே கிளினிக்கில் பால்பல் நரம்புச் சிகிச்சை செய்துகொண்ட சுமார் 70 குழந்தைகளுக்குத் தாடையில் தொற்று. பல் குடையும் கருவியின் தண்ணீர்க் குழாய்க்குள் கிருமி குடியிருந்தது. சிலருக்கு நிரந்தரப் பல்லோடு எலும்பும் போனது. நீங்கள் செய்யக்கூடியது எளிது. உங்கள் கண்முன் உறை பிரித்த கருவி, உங்கள் கண்முன் திறந்த புது சலைன் பாட்டில். கேளுங்கள்.

பணத்துக்காகத் தேவையில்லாமல் செய்கிறார்களா? செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்மால் ஸ்மைல்ஸ் என்ற கிளினிக் வரிசையை நடத்திய நிறுவனம், ஏழைப் பிள்ளைகளுக்குத் தேவையற்ற நரம்புச் சிகிச்சையும் தொப்பியும் செய்து அரசிடம் காசு கறந்தது என்ற புகாரில், 2010 ஜனவரியில் 2.4 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நம்மூரிலும் ஒரேயடியாக ஆறு, எட்டு என்று சொன்னால் இரண்டாவது டாக்டரிடம் அதே எக்ஸ்ரேயைக் காட்டுவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. குழந்தைப் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். படித்தவரைத் தேடுங்கள். குலசேகரத்திலும் காவல்கிணற்றிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, திருவனந்தபுரத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, செலவும் கிளினிக்கைவிடக் குறைவு. நேரம்தான் அதிகமாகும். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டக் குழு பல்லையும் பார்க்கும். அவர்கள் எழுதித் தரும் சீட்டைப் பையிலேயே கசங்க விடாதீர்கள்.

செய்து முடித்து வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்திருக்கும். பிள்ளை அதைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிவிடும். மறுநாள் வெள்ளைப் புண்ணாக வீங்கினால் அது சீழல்ல, பதற வேண்டாம். கூடவே உட்கார்ந்து கதை சொல்லி வாயை ஓய்த்து வையுங்கள். எஃகுத் தொப்பி போடாமல் விட்டால் கடவாய்ப் பால்பல் பிளந்துபோகலாம், செலவழித்தது வீணாகும். ஆறு மாதத்துக்கொரு தடவை காட்டுங்கள். ரூட் கெனால் செய்த பால்பல் சில பிள்ளைகளுக்குக் காலத்தில் தானாக விழாது, கீழே வரும் பல் பக்கவாட்டில் முளைக்கும். அப்போது எடுத்துவிட வேண்டும். எந்தப் பல்லில், எந்தத் தேதியில், என்ன பசை வைத்தார்கள் என்று டாக்டரிடமே எழுதி வாங்கி, எக்ஸ்ரேயோடு தடுப்பூசி அட்டைக்குள் வைத்துவிடுங்கள். பத்து வயதில் வேறு டாக்டர் அதைக் கேட்பார்.